பின்டயர் இப்போது தேய்வதில்லை

என் கேரியர்க்காரி கஸ்தூரிக்கு,

உனக்கு வருஷத் திதி கொடுத்து முடித்தாகிவிட்டது. அன்றைக்கும் எனக்கு அழுகை வரவில்லை. உன் வீட்டுக்காரர் அழுதார். மில்லில் நம்மோடு நூல் சுற்றுகிற பெண்கள் அழுதார்கள். நான் இலை போட்டேன், சாம்பார் ஊற்றினேன், பாத்திரம் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். கல்நெஞ்சக்காரி என்று யாராவது சொல்லியிருப்பார்கள். சொல்லட்டும்.

இங்கே எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. மில் சங்கு அதே நேரத்துக்கு ஊதுகிறது. கதிர்காமத்தில் நம் தெருவில் ஒரு வீட்டுக்கு டி.வி. வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை படத்துக்குத் தெருவே அங்கேதான். நீ இருந்திருந்தால் முன்வரிசையில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பாய். நான் போவதில்லை.

சைக்கிள் நன்றாக இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீ பின்னால் உட்கார்ந்து வந்த காலத்தில் அது என்ன பாடு படுத்தியது. ரயில்வே கேட் பக்கத்தில் எப்போதும் கருவேல முள். முள் ஏறாத நாளில் காற்றடிக்கிற வாயில் மாட்டுகிற வால்டியூப் ரப்பர் வெடித்திருக்கும். அதுவும் சரியாக இருந்தால், பள்ளத்தில் இறங்கும்போது இரண்டு பேர் பாரமும் சேர்ந்து டியூபை ரிம்மோடு வைத்து நசுக்கிவிடும். முன்டயர் புதுசாகவே இருக்க, பின்டயரை மட்டும் வருஷத்துக்கு இரண்டு முறை மாற்றினோம். நீ கொஞ்சம் இளைத்தால் டயர் மிச்சமாகும் என்பேன். மிதிக்கிறவள்தான் குண்டு என்று நீ என் முதுகில் குத்துவாய். பிறகு மஞ்சள் காமாலையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ ஒட்டிப்போய்க் கிடந்தபோது, அந்தக் கேலியை நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

பின்சக்கரத்தில் காற்று இறங்கினால் மிதிக்கிறவளுக்குச் சட்டென்று தெரியாது. உனக்குத்தான் முதலில் தெரியும். "ஏ செல்வி, நிறுத்துடி. காத்து எறங்குது, எனக்கு இடுப்புல தெரியுது" என்பாய். சங்கு ஊதிவிடுமே என்று நான் இன்னும் கொஞ்ச தூரம் மிதிப்பேன். இறங்கிப் பார்த்தால் நீ சொன்னதுதான்.

நீ போன பிறகு அந்தக் கேரியரில் நான் யாரையும் ஏற்றவில்லை. உன் மகள் தேவியைக்கூட.

ஆனி மாதத்திலிருந்து அவளுக்கு மில் பக்கத்துப் பெரிய பள்ளிக்கூடம். அவளுக்கும் அதே வழிதான். காலையில் அவளுக்கு முன்பே கிளம்பித் தப்பித்துவிடுவேன். சாயங்காலம் மில் வாசலில் வந்து நின்றுவிடுவாள். டயர் சரியில்லை, இரண்டு பேரைத் தாங்காது என்று சொல்லிவைத்தேன். சொன்ன பிறகு பிள்ளையை ரோட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் ஏறிப் போக முடியுமா? வண்டியைத் தள்ளிக்கொண்டு அவளோடு நடந்தேன். தினமும் இதே கூத்துதான். நல்ல சைக்கிளை வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு போகிற பைத்தியக்காரியை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா?

போன வாரம் காற்றடிக்கக் கபாலி கடையில் நிறுத்தினோம். அவனைப் பற்றி உனக்குத் தெரியுமே, வண்டிதான் ஞாபகம் இருக்கும், ஆட்களை மறந்துவிடுவான். நீ படுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் அவன் போட்ட டயர் அது. சக்கரத்தைச் சுற்றிவிட்டு விரலால் தடவிப் பார்த்தான்.

"இன்னாம்மா, போட்டு ஒரு வருசத்துக்கு மேல ஆவுது, வரிகூட அழியல. முன்னெல்லாம் ஆறு மாசத்துல மொட்டையாக்கிக் கொண்டாருவியே. இப்பதான் வண்டி ஓட்டக் கத்துக்கினியா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நன்றாக வருகிறது என்று தலையாட்டினேன். நீ உட்காராததால்தான் நன்றாக வருகிறது என்று அவனிடம் எப்படிச் சொல்வது? தேவி பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தெருமுனைக்கு வந்ததும் சொன்னாள்.

"பரவால்ல பெரீம்மா. நீங்க ஏறிப் போங்க. நான் நடந்து வந்துடுறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. அம்மாவின் இடத்தில் தன்னை வேண்டாம் என்கிறேன் என்று நினைத்துவிட்டாள். நான் அப்படியா நினைத்தேன்? இன்னொருத்தி ஏறி உட்கார்ந்தால் நீ இறங்கிவிடுவாய் என்று பயந்தேன், கஸ்தூரி. வேறொன்றும் இல்லை.

மறுநாள் காலையில் உன் வீட்டு வாசலில் போய் மணி அடித்தேன். பையை மடியில் வைத்துக்கொண்டு ஒருக்களித்து உட்கார்ந்தாள். பின்பாரம் பழக்கம் விட்டுப்போனதால் வண்டி கொஞ்சம் ஆடியது. ரயில்வே கேட்டைத் தாண்டியதும் பின்னால் இருந்து மெதுவாக ஒரு குரல்.

"பெரீம்மா, காத்து எறங்குது. எனக்குத் தெரியுது."

அவள் எதிரில் இதை நான் ஒரு நாளும் சொன்னதில்லை. நீ சொல்லியிருப்பாயா?

உடனே நிறுத்தினேன். கருவேல முள்தான். அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. ஆனால் முள்ளைப் பிடுங்கக் குனியாமல் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டே நின்றேன். தேவிதான் குனிந்து பிடுங்கினாள். அன்றைக்கு மில்லுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நேரமாகிவிட்டது.

இனி தினமும் அவளை ஏற்றிக்கொண்டுதான் போவேன். கபாலி என்ன சொன்னாலும் சரி, டயர் பழையபடி மொட்டையாகட்டும். நீ சொன்னபோது இன்னும் கொஞ்ச தூரம், இன்னும் கொஞ்ச தூரம் என்று மிதித்துக்கொண்டே போனேன். அவள் சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்துவேன்.

இப்படிக்கு,
உன் மகளுக்குப் பெரியம்மா,
செல்வி