பத்து விரலுக்குத் தும்பைப்பூ

ஆகஸ்ட் 9, சனி

மழை. காலையிலிருந்து விட்டு விட்டு. துணி காயவில்லை. நகமும் காயவில்லை.

இடது கட்டைவிரல், முதல் முயற்சி: தோல்வி. பாலிஷ் தடித்துவிட்டது. சீக்கிரம் காயட்டும் என்று ஃபேனை முழு வேகத்தில் வைத்தேன். மேலே கொப்புளம் கொப்புளமாக. ஆபீசில் சர்க்யூட் போர்டுக்குப் பாதுகாப்புப் பூச்சு அடிக்கும்போது இதே தவறைச் செய்த டிரெய்னியை நான் திட்டியிருக்கிறேன். மேல்தோல் முதலில் காயும், உள்ளே இருக்கும் கரைப்பான் வெளியேற வழியில்லாமல் குமிழாகும். தெரியும். பொறுமைதான் இல்லை.

காரணம்: ரம்யா ஓணத்துக்கு வருகிறாள். லீவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள், இன்னும் கையெழுத்து ஆகவில்லை. தை மாதம் எங்கள் கல்யாணம் நடந்தது. மாசி முடிவதற்குள் அவள் மஸ்கட் ஆஸ்பத்திரிக்குத் திரும்பிவிட்டாள். அதற்குப் பிறகு என் மனைவி உள்ளங்கை அகல ஸ்கிரீன்.

போன வாரம் போனில் கேட்டேன், வந்ததும் உனக்கு என்ன வேண்டும் என்று. நாகர்கோவில் பக்கத்து மீன்குழம்பு ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன்.

"நகத்துல டிசைன் போடணும். டூட்டியில பாலிஷே கூடாதுல்லா. லீவு முடியுற வரைக்கும் கலர் வச்சிட்டு நடக்கணும். தும்பப்பூ போட்டா எப்பிடி இருக்கும்? ஓணத்துக்கு?"

"போடு."

"பார்லருக்குப் போனா அந்த அக்கா பேசியே கொன்னுரும்."

"பார்லர் எதுக்கு? நான் போடுதேன். அதுவும் ஒரு கோட்டிங்தானே."

சிரித்தாள். நம்பாத சிரிப்பு. ஆகவே இது.

வாங்கியவை (பழவங்காடி, ஃபேன்ஸி கடை): பேஸ் கோட். சிவப்பு, வெள்ளை, மஞ்சள். டாப் கோட். ரிமூவர். பஞ்சு. கடைச் சேச்சி, "ஆர்க்கா மோனே, அனியத்திக்கா?" என்றார். தங்கச்சி எனக்குக் கிடையாது. "எனக்குதான்" என்றேன். சேச்சி என் விரலைப் பார்த்துக்கொண்டே பில் போட்டார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

மழை இல்லை. ஆபீஸ் வழியில், கழக்கூட்டம் பைபாஸில் வழக்கமான நெரிசல். பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபோதுதான் பார்த்தேன்: கட்டைவிரலில் சிவப்பு அப்படியே இருக்கிறது. அழிக்க மறந்துவிட்டேன்.

பக்கத்து சீட் சஜித் காபி மேசைக்கு வருவதற்குள் கண்டுபிடித்துவிட்டான். தமிழும் மலையாளமும் கலந்துதான் எங்கள் பேச்சு.

"எந்தருடே அப்பீ, விரலு நசுங்கிப் போச்சா?"

"பாலிஷ்."

"ஆர்க்கு?"

"ரம்யாவுக்கு."

"அவளுக்குப் போடதுக்கு உன் விரலு எதுக்குடே?"

நியாயமான கேள்வி. "இது டெஸ்ட் போர்டு. லைவ் போர்டுல நேரா கை வைக்கக் கூடாது" என்றேன். தப்பு. அந்தப் பக்கமே வாய் திறந்திருக்கக் கூடாது. மதியம் கேன்டீனில் வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல்: "டெஸ்ட் போர்டே, அந்த மோரு இங்க தா."

மாலை. கீழ்வீட்டு ஓமனச் சேச்சியின் மதில் ஓரம் தும்பை முளைத்திருக்கிறது. ஒன்று பறித்துப் பார்த்தேன். இணையத்தில் போடுகிற மாதிரி ஐந்து இதழ் எல்லாம் இல்லை. ஒரு சின்ன வெள்ளை நாக்கு, அவ்வளவுதான். பல்குத்தும் குச்சியால் புள்ளி வைத்து, காய்வதற்குள் கீழே இழுத்தால் வந்துவிடுகிறது. மூன்றாவது விரலில் பூ மாதிரி ஏதோ வந்தது.

சேச்சி படியிலிருந்து, "மோனே, மேல பெயின்டு வாசனையா?" 

"ஆமா சேச்சி. சின்ன வேலை."

பொய் இல்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

வலது கைக்கு இடது கையால் போடுவது முடியாத காரியம். ஓரமெல்லாம் சதையில் ஏறுகிறது.

மாற்று வழி: பிளாஸ்டிக் ஷீட்டில் முன்கூட்டியே வரைந்து, காய்ந்ததும் உரித்து, நகத்தில் ஒட்டுவது. பத்தையும் தயாராக வைத்தால் அவள் வந்த அன்றே வேலை முடியும். ஏர்போர்ட்டிலிருந்து வீடு, குளியல், சாப்பாடு, நகம். ஆனால் அளவு வேண்டும்.

"கையை ஸ்கேல் பக்கத்துல வச்சு ஒரு போட்டோ அனுப்பு."

"பொறவு அனுப்புதேன்."

"இப்ப என்ன?"

"டூட்டி முடிஞ்சி இப்பதான வாறேன்? ஒக்காரக் கூட இல்ல."

"சரி, கேமராவுல காட்டு. ஒரு நிமிஷம்."

காட்டவில்லை. போனைச் சுவரில் சாய்த்துவிட்டு எங்கேயோ போய் தண்ணீர் குடித்தாள். திரையில் வெறும் அலமாரி. யோசித்துப் பார்த்தால் பல வாரமாக முகம் மட்டும்தான் காட்டுகிறாள். கை எப்போதும் திரைச் சட்டத்துக்கு வெளியே. ஏன்?

லீவு பற்றிக் கேட்டேன். "மேடம் பாக்கேன்னு சொல்லிருக்காங்க." அந்த மேடம் ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

ஆகஸ்ட் 16, சனி

வெயில். அபூர்வம்.

அவள் அளவு தராவிட்டால் என்ன? கல்யாண ஆல்பத்தில் மருதாணிக் கை, குளோசப். மோதிரம் நான் வாங்கியது, அதன் விட்டம் எனக்குத் தெரியும். மோதிரத்தை ஸ்கேலாக வைத்துப் படத்திலிருந்து ஒவ்வொரு நகத்தின் நீளம், அகலம் எடுத்தேன். நீளமான, நுனி வளைந்த நகங்கள். நல்ல இடம். ஒவ்வொன்றிலும் மூன்று பூ வைக்கலாம், நடுவே மஞ்சள் புள்ளி.

பத்தும் வரைந்தாயிற்று. காய்ந்து வரிசையாகக் கிடக்கின்றன. சத்தியமாக அழகு. நாளை காட்டுவேன்.

அந்தப் படத்தை வேலைக்குத் தேவைப்பட்டதைவிட அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கை மட்டும்தான். முகம் தினமும் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காட்டினேன்.

முதலில் கைதட்டினாள். (சத்தம் மட்டும்.) "அய்யோ, நீங்களா வரைஞ்சிய?" பிறகு, "இவ்வளவு நீளம் எதுக்கு?"

"உன் அளவுதான். கல்யாண போட்டோல இருந்து எடுத்தேன். மோதிரத்த வச்சு."

ஸ்டிக்கரையே உற்றுப் பார்த்தாள். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு.

"அது ஒட்டு நகம்! பியூட்டிஷன் அக்கா பசை வச்சு ஒட்டுனது. மறுநாள் குளிக்கும்போது ரெண்டு பிய்ஞ்சு வாளியில மெதந்துச்சுல்லா, பாக்கலையா நீங்க?"

பார்க்கவில்லை. கட்டின மனைவியின் நகம் எது, பிளாஸ்டிக் எது என்று தெரியாத ஆள் நான். மோதிரத்தை வைத்து அளவெடுத்தேனாம்.

"அப்ப நிஜக் கையக் காட்டு. இப்பவே."

இந்த முறை காட்டினாள். மெதுவாக, சட்டத்துக்குக் கீழிருந்து. நகம் சதையோடு ஒட்ட வெட்டியிருக்கிறது. சுற்றிலும் தோல் வெடித்து, முட்டியில் சிவப்புக் கோடுகள். நாள் முழுக்கக் கழுவுவது, சானிடைசர், க்ளவுஸ், மறுபடி கழுவுவது.

நான் சொன்னது (அப்படியே எழுதுகிறேன்): "இதுல எங்க போடது? இடமே இல்லையே."

இடம் பற்றிதான் சொன்னேன். டிசைனுக்கு இடம். ஆனால் அவள் கை உடனே கீழே போய்விட்டது. "அதுக்குதான் காட்டல" என்றாள். கட்.

திரும்ப அழைத்தேன். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

மழை. அழைப்பு இல்லை.

பத்து ஸ்டிக்கரும் குப்பையில்.

நகவெட்டி எடுத்து என் நகங்களைச் சதை வரை வெட்டினேன், அவள் மாதிரி. இரண்டு விரலில் எரிச்சல். கீபோர்டு தட்டும்போது ஒவ்வொரு எழுத்துக்கும் தெரிகிறது. இதோடு நாள் முழுக்க சானிடைசர் என்றால்?

"டெஸ்ட் போர்டுக்கு என்ன ஆச்சு?" என்றான் சஜித்.

"ஸ்பெக் மாறிட்டு."

என் சுண்டுவிரல் நகம்தான் அவள் மோதிரவிரல் அளவுக்குக் கிட்டே வருகிறது. அதில் மூன்று பூ வராது. ஒன்று வரும். அடியில் சிவப்புகூட வேண்டாம், வெறும் நகத்தில் ஒரே ஒரு வெள்ளை நாக்கு. முயன்றேன். அழித்தேன். முயன்றேன். முதல் டிசைனைவிட இது மேல்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

படம் அனுப்பினேன். சுண்டுவிரல், ஒற்றைத் தும்பைப்பூ. கீழே: "இடம் இருக்கு. நான்தான் தப்பா வரைஞ்சேன்."

மதியம் பதில் வந்தது. கோபமா சிரிப்பா என்று தெரியாத ஒரு பொம்மை முகம். அதற்குக் கீழே: "உங்க நகத்த எதுக்கு இப்பிடி வெட்டி வச்சிருக்கிய?"

எதற்கு என்று அவளுக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 21, வியாழன்

லீவு இல்லை.

வார்டில் ஒரு சேச்சிக்குப் பிரசவம், இன்னொருத்தி வேலையை விட்டுவிட்டாள். ஆளில்லை. "கார்த்திகையில பாக்கலாம்னு மேடம் சொல்லுதாங்க."

"நீ கேட்டியா? ஒழுங்கா கேட்டியா?"

"பின்ன? அழுதுகூட பாத்தாச்சு."

"ரிசைன் பண்ணு."

"பண்ணிட்டு?"

மஸ்கட்டில் அவளுக்கு இருக்கிற வேலை இங்கே இல்லை, எனக்கு இங்கே இருக்கிற வேலை அங்கே இல்லை. தை மாதத்துக்கு முன்பே இரண்டு பேருக்கும் தெரிந்த விஷயம். வரைபடத்திலேயே இருந்த குறை, போர்டைச் சொல்லி என்ன.

வீட்டில் செய்தவை: அவளுக்காக வாங்கிய தலையணை உறையைத் திரும்ப மடித்தேன். சோறு வைத்தேன், குழம்பு வைக்கவில்லை, தயிர். பாலிஷ் பாட்டில்களை எல்லாம் ஷூ டப்பாவில் போட்டு மூடினேன். அறை முழுக்க அந்த வாசனை மட்டும் போகவில்லை.

கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கோபம் இல்லை. அவள் குளித்துவிட்டுத் தலை துவட்டுகிற சத்தம் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அவளே அழைத்தாள், காலையிலேயே. ஆஃப் நாள்.

"கை கூடாது, சரி. கால் இருக்குல்லா?"

"என்ன?"

"ஷூ, சாக்ஸு. யாரு பாக்கா? கீழ கடையில பாட்டிலு வாங்கியாச்சு. நீங்க சொல்லுங்க, நான் போடுதேன்."

நான் கால் பற்றி நினைக்கவே இல்லை. இத்தனை வாரம். இவள்தான் இன்ஜினியராகியிருக்க வேண்டும்.

தண்ணீர் பாட்டிலில் போனைச் சாய்த்து, கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்தாள். திரை முழுக்க இடது பாதம். இரண்டாவது விரலில் மெட்டி. அம்மி மேல் வைத்து நான் பிடித்த கால். அன்று சரியாகப் பார்க்கவே இல்லை. ஐயர் அவசரப்படுத்தினார், எனக்கும் அவசரம், மெட்டி ஏறாமல் திருகித் தள்ளினேன். பக்கத்து விரலில் ஒரு சின்னத் தழும்பு இருக்கிறது. எப்போது வந்தது என்று கேட்டேன்.

"அது ஸ்கூல்ல, சைக்கிள்ல விழுந்தது. இப்பதான் பாக்கியளா?"

இப்போதுதான்.

"பிரஷைப் பாட்டில் வாயில வழிச்சு எடு. தடிக்குது. தடிக்குது! துடை."

"சும்ம கெடங்க. போடது நானா நீங்களா?"

"ஃபேன் ஆஃப் பண்ணு."

"இங்க ஏசி."

"அப்ப காயட்டும். தொடாத. தொடாதன்னு சொன்னேன்லா."

"எங்க ஹெட் நர்ஸு உங்கள மாதிரி கத்த மாட்டாங்க கேட்டியளா."

குச்சி கிடைக்காமல் தலையில் இருந்த ஸ்லைடை எடுத்து அதன் முனையால் பூ வைத்தாள். ஊசி போடுகிற கை. நடுக்கமே இல்லை. என்னுடையதைவிட நன்றாக வந்தது. எழுதப் பிடிக்கவில்லை, ஆனாலும் உண்மை.

காலைக் காயவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவள் விரல்களை விரித்து விரித்து மூடினாள். நான் திரையைத் தொட்டேன், கால் அணைந்துவிட்டது. சிவப்பு பட்டனில் பட்டுவிட்டது விரல். முட்டாள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

ஷூ டப்பாவைத் திறந்தேன். என் கால். பத்து விரல், பத்துப் பூ. இடது கையால் போட வேண்டியதில்லை என்பதால் வேலை சுத்தம். இரண்டு மெல்லிய கோட், ஃபேன் இல்லை, காயும்வரை அசையாமல் உட்கார்ந்தேன். நான்.

அனுப்பினேன். அவள்: "ஜோடி!"

ஆகஸ்ட் 29, வெள்ளி

மேகம், மழை இல்லை. ஏழு மணிக்கு சஜித் போன்: "முண்டு மறக்கல்லே. இன்னிக்கி பூக்களம் நம்ம டீமுக்கு."

ஆபீஸ் ஓணம். சுத்தமாக மறந்துவிட்டேன். வேட்டி, செருப்பு. பூக்களம் என்றால் தரையில் பூக்கோலம்; அதில் உட்கார்ந்தால் செருப்பும் கிடையாது.

ரிமூவரையும் பஞ்சையும் எடுத்துப் படியில் உட்கார்ந்தேன். மூடி திறந்தாயிற்று. அப்போது அவளிடமிருந்து படம்: வெள்ளை ஷூ, இறுக்கிக் கட்டிய லேஸ். கீழே: "உள்ள பத்து பேரும் இருக்காங்க. டூட்டிக்குப் போறேன்."

மூடியைத் திருகி உள்ளே வைத்தேன்.

லாபியில் எல்லாரும் வெறுங்காலில் வட்டமாக. சஜித்துக்குத்தான் முதலில் கண் போனது.

"எந்தருடே இது! டெஸ்ட் போர்டு காலுக்கும் எறங்கியா?"

சுற்றிலும் தலைகள் குனிந்தன. ஒருத்தி போனை எடுத்தாள்.

"டெஸ்ட் இல்ல."

"பின்ன?"

"இதே மாதிரி ரம்யாவும் போட்டிருக்கா. லீவு கிடைக்கல."

சஜித் தும்பைப்பூ இருந்த தட்டை என் பக்கம் நகர்த்தினான். "நடுவுல வைக்கணும். நீ வை."

வைத்தேன். காலைப் பூக்கள ஓரத்தில் நீட்டி ஒரு படம் எடுத்து அனுப்பினேன்.

ஒற்றை டிக். போன் லாக்கரில் இருக்கும். அவள் வார்டில் நடந்துகொண்டிருப்பாள், ஷூவுக்குள் பத்துப் பூவோடு.