பின்வளவில் ஆறுமணிக்குருவி

ஒக்டோபர் 9, வியாழன்

வெக்கை. கடல் பக்கத்து ஜன்னலைத் திறந்தால் உப்புக் காற்றுக்குப் பதிலாக ரெயில் புகை. பின்னேரம் இடி, பத்து நிமிட மழை, மறுபடி வெக்கை.

கொழும்புக் காலி வீதியில் நடக்க இடமில்லை. தீபாவளி வியாபாரம். புடவைக் கடை வாசலில் ஒருவன் மைக் பிடித்து, "வாங்க அக்கா, பாத்திட்டுப் போங்க, பாக்கிறதுக்குக் காசில்ல." பார்க்கவில்லை.

வாங்க வேண்டியவை: பாண், கொசுச்சுருள், லென்ஸ் துடைக்கும் துணி.

ஆறு மணிக்குச் சற்று முன் பின்வளவிலிருந்து இரட்டை விசில். இன்னொரு தரம். ஆறுமணிக்குருவி (இனி ஆ.கு.). இந்தியாவின் வடக்குக் காடுகளிலிருந்து கடல் தாண்டி வந்து, வெள்ளவத்தைச் சருகுக் குப்பைக்குள் இறங்குகிறது. போன வருடமும் இதே மாதம், இதே வளவு.

கீழ்வீட்டுப் பரீதா படிக்கட்டில் பிடித்துக்கொண்டாள். "மிஸ், ஒங்கட குருவி வந்துட்டாரு."

"அதே குருவியோ தெரியாது பரீதா. காலில வளையம் இல்லாமல் எப்பிடிச் சொல்லுறது?"

"எனக்குத் தெரியும். அவர்ர சத்தம்."

வாதாடவில்லை. சந்தோஷமாக இருந்தேன். எழுதி வைக்கிறேன், அபூர்வம் என்பதால்.

ஒக்டோபர் 10, வெள்ளி

ஜன்னல் கம்பியில் போனை வைத்து ஒலிப்பதிவு. ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. தெளிவு. நடுவில் ரெயில் ஹோர்ன், முடிவில் பரீதாவின் பிரஷர் குக்கர்.

வட்ஸ்அப் பறவைக் குழுவுக்கு அனுப்பினேன். கேட்டேன் என்றால் ஒலி, கண்டேன் என்றால் படம். இரண்டும் இல்லாவிட்டால் பதிவில் சேர்ப்பதில்லை. இந்த விதி நான் சண்டை பிடித்துக் கொண்டுவந்தது. ஆளாளுக்கு அது கண்டேன் இது கண்டேன் என்று அளந்துகொண்டிருந்தார்கள். எனவே எனக்கும் அதே விதி. இடம்: வெள்ளவத்தை, எங்கள் தொடர்மாடிப் பின்வளவு.

உடனே கைதட்டல் படங்கள். குழுவை நடத்தும் ஜெயராஜ் அண்ணை: "அருமை தங்கச்சி!!!" கொட்டாஞ்சேனைக்காரர், ஓய்வுபெற்ற வங்கி மனேஜர். மூன்று ஆச்சரியக்குறிக்குக் குறைந்து அவர் எதையும் எழுதுவதில்லை.

ஒக்டோபர் 12, ஞாயிறு

வானம் மூடல். பின்வளவு வாழைக்குப் பின்னால் பழைய கதிரையில் உட்கார்ந்தபடி காலை முழுக்க. கால் விறைப்பு. நுளம்புக்கடி.

கிடைத்தது! பச்சை முதுகு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டி, அடிவயிறு சிவப்பு, வால் இருக்கிறதா என்று சந்தேகிக்கும் அளவுக்குக் குட்டை. தத்தி வந்து சருகைப் புரட்டியது. மண்புழு. விழுங்கியது. புரட்டியது. நெஞ்செலும்பு துருத்தித் தெரிந்தது. வந்த களைப்பு இன்னும் தீரவில்லை. தின்பதைத் தவிர வேறெதற்கும் அதற்கு நேரமில்லை.

நாலு படம் உருப்படி. நன்றாக இருந்த ஒன்றைக் குழுவில் போட்டேன்.

(17ஆம் திகதி சேர்த்தது: அனுப்பாமல் இருந்திருக்கலாம்.)

ஒக்டோபர் 14, செவ்வாய்

வேலைத்தலத்தில் இன்று முழுக்கத் தண்ணீர் மாதிரிகள். இரண்டு போத்தலில் பெயர் ஒட்டவில்லை. யாரும் ஒட்டவில்லையாம். போத்தல் தானாக நடந்து வந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தால் பின்வளவில் ஒரு ஆள். குழுவிலுள்ள கஜன், பல் வைத்தியர். இராணுவப் புள்ளிச் சட்டை, தொப்பி, முழங்கால் உறை. வளவில் நிற்கும் ஜாம்பழ மரத்தைப் போரிட்டுப் பிடிக்க வந்த மாதிரி.

"சொல்லிப்போட்டு வந்திருக்கலாமே கஜன்."

"அக்கா, நீங்கதானே இடம் போட்டனீங்க!"

உண்மைதான். அதனால் இன்னும் எரிச்சல். பறவை அன்று வெளியே வரவில்லை. ஆறு மணிக் கூப்பாடும் இல்லை.

ஒக்டோபர் 17, வெள்ளி

ஒழுங்காக எழுத வேண்டும்.

மழை விட்ட நேரம் வந்தேன். கேற்றைத் திறக்கும்போதே விசில். சந்தோஷப்பட்டேன். பிறகு ரெயில் ஹோர்ன். கடற்கரைப் பக்கம் ரெயில் இல்லை. அடுத்து பிரஷர் குக்கர். பரீதாவின் குசினியில் விளக்கே எரியவில்லை.

என் பதிவு! ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்தது. முடிய, மறுபடி முதலிலிருந்து.

பின்னால் ஓடினேன். கஜன், ஜெயராஜ் அண்ணை, இன்னும் இருவர், கமரா முக்காலிகளோடு. ஆ.கு. வெட்டவெளியில். இறகு சிலிர்த்து, நிமிர்ந்து நின்று, இல்லாத எதிரியைத் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தது. தன் இடத்தைப் பிடிக்க இன்னொன்று வந்துவிட்டது என்று நினைத்திருக்கும். அந்த இன்னொன்றின் குரலும் அதனுடையதேதான். காலடியில் புழு நெளிந்தது, தொடவில்லை.

"நிப்பாட்டுங்கோ!" நான் கத்தியதாகப் பரீதா சொல்கிறாள். நான் கத்துகிற ஆள் இல்லை.

யாரோ ஃபிளாஷ் அடித்தான். பறவை எழும்பி நேரே படிக்கட்டுக் கண்ணாடியில் மோதியது. பொத்தென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

கீழே கிடந்தது. வாய் திறந்து இளைத்தது. கஜன் என்ன செய்தான்? குப்புறப் படுத்து, ஒரு முழத் தூரத்தில் லென்ஸை வைத்து, "அசையாமல் இருக்கு, நல்ல க்ளோஸ்அப் வரும்."

பரீதா அவனைத் தாண்டி வந்து சோற்றுக்கூடையால் மூடினாள். மேலே சாரத் துணியைப் போட்டாள். "எழும்புங்க தம்பி. ஒங்கட வாப்பா மௌத்தாகக் கிடந்தாலும் இப்பிடித்தான் போட்டோ புடிப்பீங்களா?"

ஜெயராஜ் அண்ணை லென்ஸுக்கு மூடி போட்டார்.

இருட்டாக வைத்திருந்தால் தெளியும். தெளிந்தது. கூடையைத் தூக்கியதும் கொஞ்சம் தள்ளாடி, வாழைக்குள் போனது.

இரவு குழுவில் கஜனின் படம். கண் அரைவாசி மூடிய, வாய் திறந்த ஆ.கு. தலைப்பு: "ஓய்வெடுக்கும் அழகு." நாற்பது பேருக்கு மேல் இதயம் போட்டிருக்கிறார்கள்.

அடுத்து ஜெ. அண்ணையின் அறிவித்தல்: ஞாயிறு காலை குழு முழுவதும் வெள்ளவத்தைக்கு!!!

ஒக்டோபர் 18, சனி

போன் எடுத்தேன்.

"அண்ணை, நாளைக்கு ஆக்களைக் கூட்டிக்கொண்டு வராதீங்கோ."

"என்ன தங்கச்சி, பன்னிரண்டு பேர் ஓம் எண்டிட்டினம். வத்தளையிலயிருந்தும் வருகினம்."

"அது நேற்றுக் கண்ணாடியில அடிபட்டது."

"எழும்பிப் போனதுதானே."

"அவ்வளவு தூரம் பறந்து வந்திருக்கு. அது தின்ன வேணும் அண்ணை. நீங்கள் ஸ்பீக்கர் போட்டால் தின்னாமல் சண்டைக்கு ஆள் தேடித் திரியும்."

"அஞ்சு நிமிஷம்தான் போடுவம். நேற்றுக் கஜன் கொஞ்சம் கூடப் போட்டுட்டான். சின்னப் பொடியன், ஆசை."

முப்பத்தைந்து வயது. ஆட்களின் பல்லைப் பிடுங்குகிறான். சின்னப் பொடியன்!

"ஒண்டு சொல்லுறன், குறை நினைக்காதீங்கோ. உங்களுக்குப் படம் கிடைச்சிட்டுது. இப்ப மற்றவைக்குக் கிடைக்கப்படாது எண்டால் சரியில்லைத் தங்கச்சி."

போனை வைத்துவிட்டேன். அவர் சொன்னதுதான் இன்னும் கொதிக்கிறது. படம் கிடைத்த பிறகுதான் எனக்கு அதன் நெஞ்செலும்பு கண்ணில் பட்டதா? இல்லை. ஆனால் முதலில் படம் எடுத்தேன்.

யோசித்தது: கேற்றைப் பூட்டுவது? பூட்டினாலும் திறப்பு தொடர்மாடிக்காரர் எல்லோரிடமும். குழுவில் சண்டை? நாளைக்கிடையில் முடியாது. பறவை இங்கே இருப்பது சருகுக்காக. சருகு இல்லாவிட்டால் போகும். மதிலுக்கு அந்தப் பக்கம் பூட்டிய வீடு, சொந்தக்காரர் கனடாவில், வளவு முழுக்க மரம். ஒருவரும் உள்ளே போக முடியாது. நானும்தான்.

பரீதாவிடம் ஈர்க்கு விளக்குமாறு கேட்டேன்.

"கூட்டப் போறீங்களா? அப்ப அவர் என்னத்தைத் தின்னுவாரு?"

"இங்க ஒண்டும் தின்னக்கூடாது. அந்தப் பக்கம் போகட்டும்."

"ஒங்கட குருவியை நீங்களே வெரட்டுறீங்களா மிஸ்?"

"ஓம்."

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் இன்னொரு விளக்குமாறு கொண்டுவந்தாள்.

மூன்று மணி நேரம். உள்ளங்கையில் கொப்புளம். சருகைச் சாக்கில் அள்ளி, ஏணியில் ஏறி, புழுவோடும் ஈரத்தோடும் மதிலுக்கு அந்தப் பக்கம் கொட்டினோம். பயன் இருக்குமா? நிரூபணம் ஒன்றுமில்லை. கடைசி மூலையைக் கூட்டும்போது வாழைக்குள்ளிருந்து வெளியே வந்து, வெறும் மண்ணில் நின்று எங்களைப் பார்த்தது. பரீதா விளக்குமாற்றை நிறுத்தினாள். நான் நிறுத்தவில்லை. மண்ணில் ஓங்கி அடித்தேன். இன்னொரு தரம்.

போயிற்று. தாழப் பறந்து மதிலைத் தாண்டும்போது சிறகின் நீலம் முழுக்க விரிந்து தெரிந்தது. இந்த வருடத்தில் நான் கண்ட மிக நல்ல காட்சி. கமரா மேலே மேசையில்.

ஒக்டோபர் 19, ஞாயிறு

விடியற்காலை தூறல். முதுகு நிமிர்த்த முடியவில்லை.

சரியான நேரத்துக்கு வந்துவிட்டார்கள். பன்னிரண்டு முக்காலி. பெருக்கிய மண்ணைப் பார்த்து நின்றார்கள்.

ஜெ. அண்ணை: "ஆர் கூட்டினது?"

குசினிப் படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பரீதா: "நாங்கதான். நாளைக்குத் தீபாவளிதானே."

"உங்களுக்கென்ன தீபாவளி?"

"மிஸ்ஸுக்குத் தீபாவளி. எனக்குப் பலகாரம்."

ஒருவர் சிரித்தார். ஜெ. அண்ணை என்னைப் பார்த்தார். "தங்கச்சி, இது வேணுமெண்டு செய்த வேலை."

"ஓம் அண்ணை," என்றேன். "வேணுமெண்டுதான்."

முகம் சூடேறியதை அவர் கண்டிருப்பார்.

கஜன் அதற்குள் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டான். விசில். ரெயில் ஹோர்ன். விசில். பிரஷர் குக்கர். வெறும் மண்ணில் இரண்டு மைனா.

மூன்றாம் தரம் ஓடி முடிந்ததும், மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில். இரட்டை விசில். கிட்டத்தில், உரத்து. பன்னிரண்டு தலையும் திரும்பியது.

"அங்க நிக்குது! அக்கா, அது ஆரின்ட வளவு?" கஜன் எங்கள் ஏணியைத் தேடிப் பிடித்து மதிலில் சாத்தினான். முதல் படியில் கால்.

"தெரியாது," என்றேன். "நாய் இருக்கு."

இல்லை. அந்த வளவில் நாய் குரைத்து ஒருநாளும் கேட்டதில்லை. இந்த வயதில் ஆதாரமில்லாத ஒன்றை இவ்வளவு உறுதியாகச் சொன்னது இதுவே முதல் தடவை.

கஜன் பரீதாவைப் பார்த்தான்.

பரீதா வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ரெண்டு," என்றாள்.

அவன் காலைக் கீழே வைத்தான்.