எந்தத் தோள்

17.2.1996, சனி

இன்னைக்கி திருவண்ணாமலையில, எங்க கிரவுண்டுலயே காலேஜ் மல்யுத்தப் போட்டி. காலையில நான் ஜெயிச்சதும் ஜோசப் ஓடி வந்து என்னைத் தோள்ல தூக்கிக்கினு மல்யுத்த விரிப்பைச் சுத்தி வந்தான். ஜெயிச்சவனை டீம்ல ஒருத்தன் தூக்கியே ஆகணும், அது எங்க வழக்கம். ஜோசப் கென்யாவுல இருந்து பி.காம் படிக்க வந்தவன். ரெண்டு வருஷமா ஹாஸ்டல்ல நானும் அவனும் ஒரே ரூம்.

மத்தியானம் அவன் பைனல்ல எறங்கினான். உடனே கூட்டத்துல குரங்கு கத்துற மாதிரி சத்தம். எதிர் காலேஜ்காரனுங்கன்னு நெனச்சித் திரும்பினேன். கத்தினது எங்க கிளாஸ் பசங்க. போன பௌர்ணமிக்கு அவன்கூட மலை சுத்தின அதே பசங்க.

ரெண்டே நிமிஷத்துல அவன் எதிராளியை மல்லாத்திட்டான். சிரிச்சிக்கினே நேரா என்கிட்ட வந்தான். கேப்டன் நான், நான்தான் தூக்கணும். பசங்க என்னையே பாத்துக்கினு இருந்தானுங்க.

"தோள் புடிச்சிக்கிச்சிடா"ன்னு சொல்லிட்டேன். அப்படிச் சொல்லப்போறேன்னு அந்த நிமிஷம் வரைக்கும் எனக்கே தெரியாது.

அவன் தலையாட்டிட்டு, துண்டை எடுத்துக்கினு தனியா நடந்து போனான். அவன் கிரவுண்டு கேட்டைத் தாண்டுற வரைக்கும் அந்தச் சத்தம் ஓயல.

இப்ப சாப்பிட்டு வந்ததும் தைல டப்பாவைத் தெறந்துக்கினு என் கட்டில்ல வந்து உக்காந்தான். "எந்தத் தோள்டா?"ன்னு கேட்டான்.

நான் யோசிச்சேன்.

அவன் டப்பாவை மூடிட்டான்.