மகளுக்குப் பழக்கிய பதில்

சாரிபாவின் வாப்பாவுக்கு,

நாங்கள் நலம். மெக்கோங் ஆறு வடிந்துவிட்டதால் மீன் நிறையக் கிடைக்கிறது. பள்ளிவாசலில் இப்போது பன்றி வளர்க்கிறார்கள். ஆட்சியைப் பிடித்த கறுப்புச் சட்டைக்காரர்கள் பெண்கள் எல்லோருக்கும் முடியை வெட்டிவிட்டார்கள். வெயிலுக்கு இதமாகத்தான் இருக்கிறது.

நம் சாம் மொழியில் பேசுகிறவர்களைக் கூட்டிப்போகிறார்கள். போனவர்கள் யாரும் திரும்பவில்லை. அதனால் மகளுக்கு அவர்கள் பேசும் கெமர் மொழியைப் பழக்குகிறேன்.

நேற்று கறுப்புச் சட்டைக்காரன் ஒருவன் சிரித்தபடி அவளிடம், "பாப்பா, உங்கப்பா சாம் ஆளுதானே? எங்க ஒளிஞ்சிருக்காரு?" என்று கேட்டான்.

"எனக்கு அப்பாவே இல்லீங்க," என்றாள், தடுமாறாமல், கெமரில்.

நான் சொல்லிக்கொடுத்ததுதான். அவள் தலையைத் தடவிவிட்டு அவன் போனதும், நம் மொழியில் மெல்லக் கேட்டாள்: "வாப்பா நெசமாவே இல்லையா உம்மா?"

ஆற்றைத் தாண்டி வந்துவிடாதீர்கள். நான் அவளுக்குக் கெமரிலேயே, "இல்லம்மா" என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
அவளுடைய உம்மா