செவலைக்கு ஒரு டாக்டர்

திங்கள், 9 அக்டோபர் 1961

காலையில் மேற்கே கறுத்தது. பிறகு ஒன்றுமில்லாமல் கலைந்தது. கிணற்று வாளிக்குப் புதுக் கயிறு. மூக்குக்கண்ணாடியின் வலது காது இன்னும் நூலில்தான்.

செவலை நேற்று மாலையிலிருந்து வைக்கோலை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அசை போடவில்லை. சாணம் தண்ணீராக. நிறம் பச்சை, ஆனால் புல்லின் பச்சை அல்ல. என் கண்ணின் கோளாறாகவும் இருக்கலாம். சினை எட்டு மாதம் தாண்டிவிட்டது. இப்போது ஏதாவது ஆனால் இரண்டு உயிர்.

என் மனைவி அன்னம் கன்றுக்குட்டியாக வாங்கி வளர்த்தது. அவள் போன பிறகு இந்த வீட்டில் நான் குரல் கொடுத்தால் திரும்பிப் பார்ப்பது இது ஒன்றுதான். (எஸ்தர் படித்தால் வருந்துவாள். என்ன செய்ய? ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை முடிந்து வரும் மகளுக்குத் தூங்கவே நேரம் போதவில்லை.)

பக்கத்து வீட்டுப் பாக்கியம் வழக்கம்போல் சட்டியோடு வந்து தொட்டியில் கழுநீர் ஊற்றினாள். தெருவில் நாலைந்து வீட்டார் ஊற்றுகிறார்கள். மாடு கன்று போட்டதும் ஊற்றியவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு செம்பு சீம்பால். அன்னம் வைத்துப்போன வழக்கம்.

“என்னய்யா, செவலை மூஞ்சி வாடிக் கெடக்கு? கண்ணு பட்டிருக்கும். இந்தத் தெருவுல அம்புட்டும் கொள்ளிக்கண்ணு.”

யாருடைய கண் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

செவ்வாய், 10 அக்.

வெயில். வைத்தியம் பார்க்க மூன்று இடங்கள் உண்டு. நாரணாபுரத்து நாட்டு வைத்தியர். திருத்தங்கலில் பலகை போட்டிருக்கும் டாக்டர். சிவகாசி மாட்டாஸ்பத்திரி. மூன்றையும் நேரில் பார்த்த பிறகே முடிவு. மாட்டை இழுத்துக்கொண்டு போய் அகப்பட்டுக்கொள்ளக் கூடாது. கோழிக்கு மருந்து கேட்பதுபோல் போய், அங்கே நடப்பதைக் கவனிப்பது.

நாரணாபுரம் நடந்தே. வைத்தியர் வீட்டு முற்றத்தில் கரி அடுப்பு, அதில் கம்பி. கட்டியிருந்த காளையின் விலாவில் ஏணிப்படி போல் சூட்டுத் தழும்புகள். கோழி நாடகம் மறந்துபோய் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

“சூடு போட்டாச் சரியாப் போகும், வாத்தியாரே.”

“சினை மாடு.”

“அதனால என்ன? சினைக்கு ரெண்டு சூடு கொறைச்சுப் போடுவோம்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்தேன். ஏன் சிரித்தேன் என்று வழியெல்லாம் யோசனை.

செவலை அரை வாளி தண்ணீர். அவ்வளவே.

புதன், 11 அக்.

பஸ்ஸில் திருத்தங்கல். தீபாவளி சீசன் கூட்டம், மடியில் யாரோ ஒருவருடைய பட்டாசு லேபிள் கட்டு.

டாக்டரின் பலகை பெரியது. எழுத்துகள் அதைவிடப் பெரியவை. என்ன படித்தவர் என்று மட்டும் பலகையில் இல்லை. உள்ளே அலமாரியில் ஒரே நிறத்தில் வரிசையாகப் பாட்டில்கள். கண்முன்னே ஒரு ஆட்டுக்கும் ஒரு வண்டிமாட்டுக்கும் ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றிக் கொடுத்தார். நான் பாதி சொல்லும்போதே, “பித்தம். பாட்டில் தாரேன், மூணு வேளை.” மாட்டைப் பார்க்க வேண்டாமா என்றேன். “நீங்க சொன்னதே பாத்தது மாதிரி.”

முப்பது வருஷம் வகுப்பில் நின்றவன் நான். கேள்வி முடியுமுன் கை தூக்கும் பையன்களை எனக்குத் தெரியும்.

அதுகூடப் பரவாயில்லை. பெஞ்சில் வெற்றிலை போட்டபடி ஒருவர். என்னைப் பார்த்து, “மாடு என்ன நெறம்?” என்றார். சிவப்பு என்றேன். “கொம்புத் தழும்பு, கம்பிக் கீறல் எதுவும் இருக்கா, தோலுல?” வைத்தியத்துக்குத் தோலில் என்ன? வெளியே வந்து சோடாக் கடையில் கேட்டேன். தோல் வியாபாரியாம். தினமும் வருவாராம். டாக்டருக்கு வேண்டியவராம்.

பஸ்ஸில் திரும்பும்போது ஒரே யோசனை. ஊர்ப் பெயர் சொல்லிவிட்டேனா? சொல்லவில்லை என்றே நினைக்கிறேன்.

வியாழன், 12 அக்.

தூறல், மண் நனையவில்லை. சிவகாசி. மாட்டாஸ்பத்திரி வாசல் டீக்கடையில் முதலில் உட்கார்ந்து பார்த்தேன். உள்ளே போனவை திரும்பி வருகின்றனவா, எப்படி வருகின்றன என்று. டீக்கடைக்காரர்:

“யாருக்குப் பெரியவரே காத்திருக்கீக?”

“சும்மா.”

“சும்மா மூணு டீ குடிக்கிற ஆளை இன்னைக்குத்தான் பாக்கேன்.”

டாக்டர் மிகவும் இளைஞர். வடக்கு ஜில்லாப் பேச்சு. பூட்ஸில் சாணம் படவே இல்லை. சந்தேகப்பட வேண்டிய விஷயம். ஆனால் ஓர் எருமையின் வாயில் தோள்வரை கையை விட்டு எதையோ எடுத்தார், முகம் சுளிக்கவில்லை.

என்னிடம் கேள்வி மேல் கேள்வி. என்ன தீவனம், எங்கே மேய்கிறது, வீட்டில் யார் யார், தொட்டியில் யார் யார் ஊற்றுகிறார்கள். வீட்டு விவகாரம் இவருக்கு எதற்கு? “தெருவில் எல்லாரும்” என்று மட்டும் சொன்னேன்.

என்ன நோய் என்று கேட்டேன்.

“தெரியலைங்க ஐயா. மாட்டைப் பார்த்தாத்தான் சொல்ல முடியும். பார்த்தாலும் தெரியாமப் போகலாம்.”

தெரியாது என்பதைச் சொல்ல ஒரு டாக்டரா? சர்க்கார் சம்பளம் வாங்கிக்கொண்டு? வரும் வழியெல்லாம் கோபம். வீடு வந்து செருப்பைக் கழற்றும்போது தோன்றியது: மூவரில் பொய் சொல்லாதவர் இவர் ஒருவர்தானோ. அல்லது அதுவும் ஒரு சாமர்த்தியமோ. நாளை யோசிக்கலாம்.

வெள்ளி, 13 அக்.

செவலை படுத்தது எழவில்லை. தூக்கிவிட முயன்று முழங்கையில் சிராய்ப்பு. வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். அசைவு இருந்ததுபோல் இருந்தது. என் நாடித் துடிப்பாகவும் இருக்கலாம்.

எஸ்தர் டியூட்டியிலிருந்து நேரே தொழுவத்துக்கு வந்தாள்.

“அப்பா, நீங்க டாக்டர் பாக்குறீகளா, மாப்பிள்ளை பாக்குறீகளா? ஒருத்தருக்குப் பலகை சரியில்லை, ஒருத்தருக்குப் பூட்ஸ் சரியில்லை. நீங்க ஜாதகம் பாத்து முடிக்கிறதுக்குள்ள மாடு போயிரும்.”

அவளே சிவகாசிக்குத் திரும்பிப் போய், சர்க்கார் டாக்டரிடம் சொல்லிவிட்டு வந்தாள். நான் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்ல முடியாது.

பாக்கியம் வந்து செவலையின் நெற்றியைத் தடவினாள். “ஏ தாயி, எந்திரி. ஒஞ் சீம்பாலுக்கு எம் புள்ளைக செம்பைத் தேச்சு வச்சிருக்குதுக.” பிறகு ஒரு சட்டிக் கழுநீரை மூக்கருகே வைத்தாள். இரண்டு வாய் குடித்தது. என் கையால் கொடுத்ததைத் தொடவில்லை.

சனி, 14 அக்.

டாக்டர் சைக்கிளில் வந்தார். பூட்ஸோடு சாணத்தில் இறங்கி நின்றார். குச்சியால் சாணத்தைக் கிளறி வெயிலில் வைத்துப் பார்த்தார். “இந்தப் பச்சை எப்போதிருந்து?” ஆக, என் கண்ணில் கோளாறு இல்லை. திங்கட்கிழமையே பார்த்தேன் என்று சொல்ல வெட்கம். “இரண்டொரு நாளாக” என்றேன்.

தொட்டியைக் கவிழ்க்கச் சொன்னார். அடியில் கூழ்போல் ஒரு படிவு, வெளிர் நீலம். விரலில் எடுத்துத் தேய்த்தார்.

“மயில்துத்தம்.”

விஷம் வைத்திருக்கிறார்கள் என்று கத்திவிட்டேன்போலும். மெதுவாகப் பேசச் சொன்னார். மைதாப் பசையாம். வெடிக் குழாய் சுருட்டும் வீடுகளில் பசையில் மயில்துத்தம் கலப்பார்களாம், ஒட்டியதை எலியும் கரப்பானும் தின்னாதிருக்க. பசைச் சட்டியைக் கழுவி யாரோ ஊற்றியிருக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிருக்கிறது. சீசனில் பசை அதிகம்.

“யார் வீட்டுல பசை வேலை?”

சொன்னேன். எங்கள் வரிசையில் குழாய் சுருட்டுவது ஒரே வீடு. பெயர் எழுத வேண்டாம். இனி பா. என்று மட்டும்.

“தெரியாமச் செஞ்சிருப்பாங்க, ஐயா.” பொட்டலம் மருந்து, மூங்கில் குழாயில் புகட்ட வேண்டும், முட்டை வெள்ளைக்கரு, நல்ல தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது. மாடு பிழைக்குமா? “இப்போ சொல்ல முடியாது.” கன்று? “அதுவும்.”

தெரியாமலா? எலி தின்னக் கூடாது என்று போடுவது அவளுக்குத் தெரியும். தெரிந்த பொருளை மாட்டுக்கு ஊற்றுகிறவள் தெரியாமல் ஊற்றுகிறாளா? ஆவணியில் அவள் ஆடு என் கத்தரி நாற்றைத் தின்றது. “பவுண்டுப் பட்டியில் அடைப்பேன்” என்று ஒரே ஒரு கடுஞ்சொல். சிரித்துக்கொண்டு போனாள். எதற்குச் சிரித்தாள்? விரல் நுனிகளில் எப்போதும் ஒரு பச்சைக் கறை. மருதாணி போட்டு அழிந்தது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். திருத்தங்கல் தோல்காரர் இந்தத் தெருவுக்கு வருவதுண்டா? விசாரிக்க வேண்டும். யாரிடம்?

ஞாயிறு, 15 அக்.

விடியலில் தொட்டியை உள்முற்றத்துக்கு உருட்டிவிட்டேன். தொழுவப் படலுக்குப் பூட்டு. ஆராதனைக்குக் கோவிலுக்குப் போனேன், பிரசங்கம் காதில் ஏறவில்லை. ‘பிறனை நேசி’ என்ற இடத்தில் மட்டும் இருமினேன்.

திரும்பி வந்தபோது பா. சட்டியோடு படலருகே.

“ஐயா, தொட்டி எங்கன?”

“உள்ளே.”

“பூட்டிருக்கே?”

“இனி ஊற்ற வேண்டாம்.”

“ஏன்யா?”

பயம். நீ விஷம் வைத்தாய் என்று சொல்லவும் பயம், நீ தெரியாமல் செய்தாய் என்று சொல்லவும் பயம். “வேண்டாம் என்றால் வேண்டாம்” என்றேன். சட்டியை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு போனாள். சட்டித் தண்ணீரைத் தெருவில் ஊற்றிவிட்டுப் போனாள்.

மதியம் அவள் வீட்டுப் பக்கமிருந்து, எனக்குக் கேட்கவே:

“வேதக்காரவுக, படிச்சவுகன்னு நெனச்சோம். மாடு கூட நம்ம தண்ணியக் குடிச்சா தீட்டாம்லே. அந்தம்மா இருந்தா இப்படி நடக்குமா?”

நான் அவளைப் பற்றி நினைத்ததைவிட அவள் என்னைப் பற்றி நினைத்தது மோசமா, குறைவா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நினைப்பதற்காவது ஊரில் ஆதாரம் உண்டு. அவர்கள் ஜாதிக்குத் தண்ணீர் மறுத்த கிணறுகளை நானும் பார்த்திருக்கிறேன்.

செவலை மருந்தை விழுங்கியது. பாதி என் சட்டையில்.

திங்கள், 16 அக்.

நல்ல வெயில். செவலை தானாக எழுந்தது. கால் நடுக்கம் உண்டு. சாணம் கொஞ்சம் இறுகியிருக்கிறது, நிறம் மாறுகிறது.

எஸ்தர்: “நீங்க போய்ச் சொல்றீகளா, நான் போகட்டுமா?” நானே போனேன். போகுமுன் என்ன சொல்வதென்று எழுதிப் பார்த்தேன். அங்கே போனதும் எல்லாம் மறந்தது.

பாக்கியம் (முழுப் பெயரே எழுதலாம்) கால் நீட்டி உட்கார்ந்து குழாய் சுருட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பசைச் சட்டி. நீலம் கண்ணுக்கே தெரிந்தது. உட்காரச் சொல்லவில்லை. நானே தரையில் உட்கார்ந்தேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவள் கை நின்றது.

“பசைத் தண்ணியா?”

“மயில்துத்தம் மாட்டுக்கு ஆகாதாம்.”

“எலிக்கு ஆகாதுன்னுதானேய்யா சொன்னாக. மாடு எம்புட்டுப் பெருசு!”

ஆக, சனிக்கிழமையிலிருந்து நான் தேடிய பதில் இதுதான்.

“மைதா மாவு. காசு போட்டு வாங்குன மாவு. சட்டியில ஒட்டிக்கிட்டுப் போகுதேன்னு, சினை மாடு தெம்பா இருக்கட்டும்னு வழிச்சு வழிச்சு ஊத்தினேன். மத்தவுக வெறுந்தண்ணி ஊத்துவாக, நம்ம கெட்டியா ஊத்துவோம்னு…” முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். முந்தானைக்குள்ளிருந்து: “இதை நேத்தே சொல்லியிருக்கக் கூடாதாய்யா?”

சொல்லியிருக்கலாம்.

“நான் வேணும்னு வச்சேன்னு நெனச்சீகளோ?”

இல்லை என்று சொன்னேன். என் முகத்தையே பார்த்தாள். பிறகு குழாயை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தாள். நான் எழுந்து வந்தேன்.

செவ்வாய், 17 அக்.

மேகம். கண்ணாடிக் காதுக்கு எஸ்தர் சிவகாசியில் ஆள் விசாரித்திருக்கிறாள்.

செவலை அசை போடுகிறது! விடிந்ததும் முதலில் பார்த்தது அதைத்தான். டாக்டர் சைக்கிளில் போகிற வழியில் இறங்கி, வயிற்றில் காது வைத்தார். கன்று உதைப்பதை என் கையைப் பிடித்து வைத்துக் காட்டினார். இந்த முறை என் நாடி அல்ல. அரிசி களைந்த தண்ணீர் இனிக் கொடுக்கலாம் என்றார். தொட்டியைத் தேய்த்துக் கழுவிப் பழைய இடத்தில் வைத்தேன். பூட்டைக் கழற்றினேன்.

வெயில் ஏறும் நேரம் பாக்கியம் வந்தாள். சட்டி புதுசு, மண்சட்டி, அடியில் கரிகூடப் படவில்லை. படலுக்கு வெளியிலேயே நின்றாள்.

“ஐயா, இது அரிசி களைஞ்ச தண்ணிதான். பசைக்கு வேற சட்டி, இதுக்கு வேற சட்டி. ஊத்தலாமா?”

நான் சட்டிக்குள் பார்த்தேன். வேண்டுமென்று பார்க்கவில்லை, கண் போய்விட்டது.

“வேணும்னா ஒரு மடக்குக் குடிச்சுக் காட்டட்டுமா?”

வேண்டாம் என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். சொல் வர ஒரு கணம் தாமதமாயிற்று. அதற்குள் அவள் சட்டியைத் தூக்கிக் குடித்துவிட்டாள். வாயைத் துடைத்துக்கொண்டு, மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றினாள். செவலை குடித்தது.