சாரதாவின் ஐஸ் பிளாஸ்க்கும் என் இருபத்தோரு கிலோமீட்டரும்

ஜூன் 3, செவ்வாய்

இன்று காலை ஒரு லோரிக்குப் பின்னால் ஓடி மானம் போனது.

பக்கத்து வீட்டு சாரதாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் தானா ராத்தா டவுனுக்கு டயாலிசிஸ் போகிறாள். பழனியண்ணனின் முட்டைக்கோஸ் லோரிதான் அவளுக்கு சவாரி. கோஸ் ஏற்ற நேரமானால் இவளும் காத்திருக்க வேண்டும். தண்ணீர் அதிகம் குடிக்கக்கூடாது என்பதால், தாகத்துக்கு ஐஸ் கட்டியை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொள்வாள். அந்த ஐஸ் பிளாஸ்க்கை இன்று வாசற்படியில் மறந்துவிட்டுப் போய்விட்டாள். கைலியும் சிலிப்பருமாக, தலையில் வழிய வழிய எண்ணெயோடு நான் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தண்ணித் தொட்டி வளைவு வரைக்கும்தான் முடிந்தது. தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனவர்கள் நின்று கைதட்டினார்கள்.

மத்தியானம் உதடு காய்ந்து வந்தாள். “சைடு கண்ணாடியில பார்த்தேன்டி. நல்லாத்தான் ஓடுற.”

“அப்ப ஏன் லோரிய நிறுத்தச் சொல்லல?”

“எவ்ளோ தூரம் வருவேன்னு பார்த்தேன்.”

இவளுக்கு இனிமேல் ஐஸ் கிடையாது. வெந்நீர்தான்.

ஜூன் 8, ஞாயிறு

பூசை முடிந்து கோயிலை விட்டு வெளியே வந்தால், சிறுநீரக நோயாளிகள் சங்கத்துச் செயலாளர் என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார். எதற்கு என்று தெரியாமலே நானும் குலுக்கினேன்.

மலைக்குக் கீழே ஈப்போவில் ஒரு தவுக்கே, சீன முதலாளி. அவருடைய அம்மா இதே நோயில்தான் போனாராம். நம் மலை நோயாளிகளுக்கென்று ஒரு வேன் தருகிறார். ஆனால் மனுஷனுக்கு ஓட்டப் பைத்தியம். ஆகஸ்டில் ஈப்போவில் தர்ம ஓட்டம் நடக்கிறது. மலையிலிருந்து ஒருவராவது இருபத்தோரு கிலோமீட்டரை மூன்றரை மணி நேரத்துக்குள் ஓடி முடித்தால்தான் சாவி. சாரதா பெயர் கொடுத்துவிட்டாளாம். அவள் பெயரை இல்லை. என் பெயரை.

“வயசுப் பிள்ளைங்க யாரும் இல்லையாடி?”

“எல்லாம் கேஎல்லுல இருக்கு, சிங்கப்பூர்ல இருக்கு. இங்க நீதான் இருக்க.”

“எனக்கு நாப்பத்தெட்டு வயசு சாரதா.”

“லோரிக்குப் பின்னால ஓடுறப்ப அது எங்க போச்சு?”

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சிரித்த சிரிப்பில் பல்செட் கழன்று குழம்பில் விழுந்தது. நல்லா வேணும்.

ஜூன் 11, புதன்

முதல் பயிற்சி. யுவனேஸ்வரி என் போனில் ஏதோ ஏற்றிக் கொடுத்தாள். நானும் அவளும்தான் எஸ்டேட் டீக்கடையில் டூரிஸ்டுகளுக்குக் கேக் சுடுகிறோம். போனுக்குள்ளிருந்து ஒரு வெள்ளைக்காரி, நான் நிற்கும்போதெல்லாம் பிரமாதம் என்கிறாள்.

பின்னால் பழனியண்ணன் லோரி. முன் சீட்டில் சாரதா, வாயில் விசில். விசில் ஏதுடி என்று கேட்டேன். “சாகப்போறவளுக்கு ஒரு விசில்கூட கிடைக்காதா?” என்கிறாள். இப்படிப் பேசுகிறவளிடம் மனுஷி என்ன பேச முடியும்?

தெம்புக்கு என்று பழனியண்ணன் வடை வாங்கி வைத்திருந்தார். வளைவுக்கு ஒரு வடை. எங்கள் ரோட்டில் வளைவுக்கா பஞ்சம்?

ஜூன் 27, வெள்ளி

இரண்டு கிலோ கூடிவிட்டேன்.

ஜூலை 12, சனி

லோரிக்குக் கிளட்ச் போய்விட்டது. எங்கள் லைன் வீடுகளில் கார் வைத்திருக்கிற எல்லாரும் ஒரே கல்யாணத்துக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள். இவருடைய மோட்டார் சைக்கிளில் உட்கார வைக்கலாம் என்றால் கொட்டோ கொட்டென்று மழை. சாரதா இன்று டயாலிசிஸ் போகவில்லை.

கால் ரெண்டும் வீங்கிப்போச்சு. படுத்தா மூச்சு முட்டுதாம், உக்காந்துக்கிட்டே இருக்கா. அப்பவும் வாய் அடங்கல. “இன்னைக்கு நீ ஓடலியா?” என்கிறா. நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். ஆண்டவரே, ஒரு வேன்தானே. அதுக்கு ஒரு கிழவி ஓடணும்னா ஓடிட்டுப் போறேன். அது வரைக்கும் இவள வச்சிரு.

ஜூலை 13, ஞாயிறு

விடிந்ததும் கம்போங் ராஜாவிலிருந்து ஒரு புண்ணியவான் கார் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்து உடம்பிலிருந்த நீரை இறக்கினார்கள். இப்போது தேவலை.

வடையை விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

ஒத்திகை பார்க்கலாம் என்று எல்லாரும் ஈப்போவுக்கு இறங்கினோம். எனக்கு ஒரே தைரியம். திரிங்காப்பிலிருந்து கியா பார்ம் வரை மூச்சு வாங்காமல் ஏறுகிறவளுக்குச் சமதரை என்ன பிரமாதம்? கம்பளித் தொப்பி, ஸ்வெட்டர், கழுத்து மப்ளர், புதுச் சப்பாத்து. இரண்டு மாதமாக இப்படித்தான் ஓடுகிறேன், இன்றும் இப்படியே இறங்கினேன். நான்காவது கிலோமீட்டரில் ஒரு பஸ் நிறுத்தத்து பெஞ்சில் சாய்ந்தேன். தலை சுற்றியது. ஒரு சீனக் கிழவர் பேப்பரால் விசிறிவிட்டார். மப்ளரை அவர்தான் அவிழ்த்தார், பாவம்.

ஈப்போ சூடு என்று எங்களில் ஒருத்தருக்குமா தோன்றவில்லை? எத்தனை தீபாவளிக்கு, கிறிஸ்மஸுக்குத் துணி வாங்கப் போயிருப்போம். ஏர்கான் கடைக்குள் நுழைந்து, அடுத்த ஏர்கான் கடைக்குள் புகுந்து, அப்படியே மலையேறி வந்துவிட்டோம் போல.

திரும்பும் வழியில் சாரதா விசிலைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டாள். அதைப் பார்த்ததும்தான் எனக்கு ரொம்ப வலித்தது.

ஆகஸ்ட் 6, புதன்

இவருக்கு மூளை இருக்கிறது. கட்டிக்கொண்டு இருபத்தைந்து வருஷம் கழித்து இன்றுதான் தெரிந்தது.

இவர் தேயிலை ஃபேக்டரியில் டிரையர் பார்க்கிறவர். இலை காய்கிற அந்த ரூமில் நின்றாலே ஆள் வெந்துவிடுவார். “சூடுதானே வேணும்? வா, நான் தர்றேன்” என்று கூட்டிக்கொண்டு போனார். மிஷினைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். கோயில் பிரகாரம் சுத்துற மாதிரி இருக்கு என்றாள் சாரதா, கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு. விசில் மறுபடி கழுத்துக்கு வந்துவிட்டது.

பத்தாவது சுற்றோ என்னவோ, மேனேஜர் துரை உள்ளே வந்துவிட்டார். நான் நிற்கவில்லை. நின்றால் பேச வேண்டியிருக்குமே.

“ராஜநாயகம், இவங்க எந்த ஷிப்டு?”

“ஓடுற ஷிப்டு, துரை.”

துரை சாரதா பக்கம் திரும்பினார். விஷயத்தை சாரதா சொன்னாள். வேலை முடிந்த பிறகு ஓடட்டும், மிஷினைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். போகிற வழியில் ஆபீஸ் கிராணியிடம் என் வயசைக் கேட்டாராம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

என் வியர்வையில் தேயிலை மணக்கிறது. யுவனேஸ்வரி தலையை முகர்ந்து பார்த்து, “முதல் தரம் லா, ஆன்ட்டி” என்றாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

உடம்பெல்லாம் வலி. ஆனாலும் இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

ஒரே பாதையில் இரண்டு சுற்று. ஒரு முச்சந்தி ஓரத்தில் பழனியண்ணன் லோரியை நிறுத்தியிருந்தார். முதல் சுற்றில் நான் அதைக் கடந்தபோது சாரதா ஊதிய விசிலுக்கு, போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த போலீஸ்காரரே திரும்பிவிட்டார். டிரையர் சூட்டுக்கு முன்னால் காலை வெயில் ஒன்றுமில்லை. சிரித்துக்கொண்டேதான் ஓடினேன்.

ஒன்பது மணிக்கு மேல் சிரிப்பு போயிற்று. தார் ரோடு கொதித்தது. என் முன்னால் ஒருவரும் இல்லை. பின்னால் ரோட்டுக் கூம்புகளை எடுத்து அடுக்கிக்கொண்டே ஒரு மலாய்ப் பையன் வருகிறான். “மாச்சிக், பெலான் பெலான்” என்று மெல்லப் போகச் சொல்கிறான். இதைவிட மெல்ல ஓடினால் அதற்குப் பெயர் நிற்பதுதான். இரண்டாம் முறை முச்சந்திக்கு வந்தபோது எனக்கு லோரி இரண்டாகத் தெரிந்தது.

சாரதா இறங்கி நடுரோட்டுக்கே வந்துவிட்டாள். பிளாஸ்க்கைத் திறந்து அத்தனை ஐஸையும் என் தொப்பிக்குள் கொட்டித் தலையில் அமுக்கினாள். மிச்சமிருந்த ஒரு கட்டியை என் வாயில் திணித்தாள்.

“உனக்கு?”

“நான் ஏர்கான்ல உக்காந்திருக்கேன்டி. நீ போ லா.”

ஓடினேன். ஐஸ் உருகிக் காதில் வழிந்தது. கொஞ்சம் தூரம் போன பிறகுதான் உறைத்தது. பழனியண்ணன் லோரியில் ஏர்கான் எந்தக் காலத்தில் இருந்தது? அவள் பக்கத்துக் கண்ணாடியைக்கூட இறக்க முடியாது. பாவி, நாள் முழுக்க வைத்துச் சப்ப வேண்டியதை மொத்தமாக என் தலையில் கொட்டிவிட்டாள்.

அதற்கப்புறம் எனக்கு வேனும் ஞாபகம் இல்லை, தவுக்கேயும் ஞாபகம் இல்லை. சீக்கிரம் முடிக்கணும், அவளுக்கு ஐஸ் வாங்கணும், அவ்வளவுதான். திட்டிக்கொண்டே ஓடினேன். கோட்டைத் தாண்டியபோது மூன்றரை மணி நேரம் ஆக நான்கு நிமிஷம் இருந்ததாம், யுவனேஸ்வரி சொன்னாள். யாரோ பதக்கம் போட வந்தார்கள். “ஐஸ் எங்க இருக்கு?” என்று கேட்டேன். தண்ணிக் கடையில் ஒரு கப் நிறைய வாங்கிக்கொண்டு, வந்த வழியே லோரிக்குத் திரும்பி ஓடினேன். இந்தம்மாவுக்கு முடிஞ்சது தெரியாதா என்று தவுக்கே செயலாளரிடம் கேட்டாராம்.

சாரதா ஒரு கட்டியை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அது கரைந்த பிறகு, “லேட்டு” என்றாள்.

நான் ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். இவரும் அழுதார். பல்செட்டைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அழுதார்.

ஆகஸ்ட் 25, திங்கள்

வாசற்படி இறங்க முடியவில்லை. தூக்கிவிட வந்த இவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டு பேருக்கும் சாரதா கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள்.

செப்டம்பர் 30, செவ்வாய்

வேன் ஓட ஆரம்பித்து இரண்டு வாரம். டயாலிசிஸ் இருக்கிற மூன்று நாளும் காலையில் கோஸை விட்டுவிட்டுப் பழனியண்ணன்தான் ஓட்டுகிறார். கம்போங் ராஜாவிலிருந்து நான்கு பேர் ஏறி வருகிறார்கள். முன் சீட் சாரதாவுடையது. அதை யாரும் கேட்பதில்லை.

காலையில் வேன் கிளம்பிய பிறகு பார்த்தால், வாசற்படியில் பிளாஸ்க். எடுத்தேன், ஓடினேன். அதே கைலி, அதே சிலிப்பர், அதே எண்ணெய்த் தலை. தண்ணித் தொட்டி வளைவில் வேனைப் பிடித்து, கதவில் ஒரு தட்டுத் தட்டினேன். மூச்சுகூட வாங்கவில்லை.

சாரதா கண்ணாடியை இறக்கினாள். இந்த வண்டியில் அது இறங்கும். அவள் மடியில் புத்தம் புதிதாக இன்னொரு பிளாஸ்க். என் கையில் இருந்ததைக் குலுக்கிப் பார்த்தேன். காலி.

“சைடு கண்ணாடியில பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்டி” என்றாள். “போன தடவ இந்த வளைவுலதான் விட்ட.”

வேனுக்குள் ஐந்து பேரும் சிரித்தார்கள், பழனியண்ணனையும் சேர்த்து. அவளும் விசிலை எடுத்து ஒரு ஊது ஊதிவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை குலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஓடுவேன்.