நடுங்கிய கையும் உன் வண்டிச் சாவியும்

என் உயிர்ச் சேகரு,

கோபப்படாமல் கேள். உன் வண்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இன்று அதுவும் போயிருக்கும்.

நீ போன பிறகு என் வேலைக் காண்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. என் பொண்டாட்டி கமலாவின் சங்கிலியை அடகு வைத்தேன். அதில் மிஞ்சியதைப் பெருக்கிச் சங்கிலியை மீட்டுவிடலாம் என்று, நம் பிளாக்கில் ஆளில்லாத குவார்ட்டர்ஸில் நடக்கும் போக்கர் ஆட்டத்தில் உட்கார்ந்தேன். புத்தி கெட்டவனே என்று திட்டு. திட்டக்கூட நீ இல்லையேடா!

எதிரே மணி. மைன்ஸில் நீ ஓட்டிய மண்வெட்டும் மிஷினை இப்போது ஓட்டுகிறவன். காலை ஷிப்ட் முடிந்து யூனிபாரத்தோடு நேராக வந்திருந்தான். என் கையில் இருந்ததும் நடுவில் எல்லோருக்கும் பொதுவாகத் திறந்து வைத்ததுமாக எனக்கு ஐந்து சீட்டும் இஸ்பேடாகச் சேர்ந்திருந்தன, லேசில் தோற்காத கை. கடைசிச் சீட்டைத் திறந்ததும் அவன் பணம் கட்டினான், நான் ஏற்றினேன். அவன் அதற்கும் மேலே பெரிதாக ஏற்றிவிட்டான். நடுவில் இரண்டு எட்டு கிடந்தது. அவன் சீட்டு அதோடு சேர்ந்து, ஒரே எண்ணில் மூன்றும் இன்னொன்றில் இரண்டுமாக ஃபுல் ஹவுஸ் ஆகியிருந்தால் அது என் இஸ்பேடை அடித்துவிடும், நான் காலி. சும்மா மிரட்டுகிறான் என்றால் அத்தனையும் எனக்கு, சங்கிலி வீட்டுக்கு வந்துவிடும்.

ஈடுகட்ட என்னிடம் பணம் இல்லை.

"என்னாண்ணே, யோசிச்சிகினே இருக்கீங்க? வண்டிச் சாவிய வைங்க, இல்லன்னா சீட்ட மடிங்க" என்றான் மணி.

அவன் விரல்களைப் பார்த்தேன். வெடவெடவென்று நடுங்கின. பயப்படுகிறான், கையில் ஒன்றுமில்லை! சாவியை வெளியே எடுத்துவிட்டேன் சேகரு. "எம் பொண்ணு கவிதா லைசென்ஸ் எடுக்கற வரைக்கும் நீ ஓட்டு, அப்புறம் அவகிட்ட குடு" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ கொடுத்த சாவி.

அந்த நேரம் மணி டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்தான். அவ்வளவுதான், நீயே எதிரே வந்து உட்கார்ந்துவிட்டாய். ஷிப்ட் முடிந்தால் உன் கையும் இப்படித்தானே ஆடும்? மிஷின் அதிர்வு அடங்க எவ்வளவு நேரமாகும்! "சட்டையில ஊத்திக்கப் போறன்டா, புடிடா" என்பாய். நான்தான் கிளாஸைப் பிடித்துக் குடிக்க வைப்பேன். அதைப் போய்ப் பயம் என்று நினைத்தேனே, பாவி.

சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, கட்டிய பணத்தை விட்டுவிட்டுச் சீட்டை மடித்தேன். மணி தன் சீட்டைக் காட்டவில்லை. கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே கட்டோடு கலந்துவிட்டான். அவனிடம் என்னதான்டா இருந்தது? நான் தப்பித்தேனா, ஏமாந்தேனா? இதையெல்லாம் இனி யாரிடம் கேட்பேன்?

பணம் போனது கமலாவுக்குத் தெரியாது. வெறும் கழுத்தோடு சோறு போட்டாள். பாதியிலேயே எழுந்து கை கழுவினேன்.

இதைவிடக் கேவலம் ஒன்று சொல்கிறேன். நாளைக்கும் போய் உட்காரலாமா என்று மனசு அரிக்கிறது. பையில் உன் சாவி இருக்கிறதே என்று கை அடிக்கடி தடவிப் பார்க்கிறது. எனக்கு என் மேலேயே நம்பிக்கை போய்விட்டதடா.

கவிதா இன்னும் லைசென்ஸ் எடுக்கவில்லை. பரவாயில்லை. நாளைக் காலை வண்டியை உன் வாசலில் நிறுத்தி, சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு, இந்த நெய்வேலி வெயிலில் நடந்தே வீட்டுக்கு வருவேன். கமலாவிடம் அதன் பிறகு சொல்வேன். சத்தியம்டா.

உன் மகளுக்கு இன்னும் சித்தப்பாவாக இருக்க நினைக்கும்,
ராஜி